‘சிரிச்ச முகமா ஒரு போட்டோ அனுப்புங்க மேடம்!’

சனிக்கிழமை ராத்திரி பத்தே காலுக்கு ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. பேப்பர் பிளேட்டில் சிங்கம் செய்ய வேண்டுமாம். பிடரிக்கு ஆரஞ்சு நிற உல்லன் நூல். குழந்தை ‘மகிழ்ச்சியாக’ச் செய்வதைப் படம் பிடித்து, திங்கள் காலை ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

இது 2020, கொரோனா காலம். தமிழ்நாட்டில் இந்த ஜூலை மாதம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முழு ஊரடங்கு. பாலும் மருந்தும்தான் கிடைக்கும். உல்லன் நூலை எந்த மெடிக்கலில் போய்க் கேட்பது?

சரி, செய்தேன். நான்தான் செய்தேன், பாப்பா இல்லை. போன வருடப் பிறந்தநாளில் மிஞ்சிய பிளேட் ஒன்று பரணில் இருந்தது. தேங்காய் நாரைப் பிரித்து, மைதா பசை காய்ச்சி, சுற்றிலும் ஒட்டினேன். காலையில் எழுந்து வந்து பார்த்தவள், “அம்மா, இது சிங்கமா, மாடி வீட்டுத் தாத்தாவா?” என்றாள். நியாயமான கேள்விதான். முகத்தருகே பிடிக்கச் சொன்னால் நார் குத்துகிறது என்று அழுகை. பதினான்கு படம் எடுத்தேன். பதினைந்தாவதற்கு நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்: “சிரி! சிரின்னு சொல்றேன்ல!” கண்ணில் தண்ணீரோடு பல்லைக் காட்டினாள். அனுப்பினேன். ‘சோ ஹாப்பி’ என்று நாலு கைத்தட்டல் பொம்மையோடு பதில் வந்தது.

இது இன்று நேற்று ஆரம்பித்த கூத்து இல்லை. மார்ச் 17-ல் பள்ளியை மூடினார்கள். அப்போதெல்லாம் பத்துப் பதினைந்து நாள் விடுமுறை என்றுதான் நினைத்தோம். ஏப்ரலில் மளிகைக் கடையே காலை ஆறிலிருந்து மதியம் ஒரு மணி வரைதான். ஸ்டேஷனரி கடைகளுக்கெல்லாம் பூட்டு. அந்த நேரத்திலும் சார்ட் பேப்பர், கிளிட்டர், ஐஸ் குச்சி என்று ஒரு பட்டியல் வந்தது. மாதக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். ‘பின்னால் தேதி தெரிகிறது’ என்று திருத்தம் வந்தது. தேதி தெரிந்தால் என்னவாம்? எங்களுக்கே அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமல்தான் இருந்தோம்.

ஜூனில் ஆன்லைன் வகுப்பும் சேர்ந்துகொண்டது. இரண்டு அறை வீடு. படுக்கையறை அவருடைய ஆபீஸ். என் கணக்கு வேலை சாப்பாட்டு மேசையில். என் போன்தான் பாப்பாவின் வகுப்பறை. நடுவில் என் மேனேஜர் அழைத்தால் வகுப்பு அறுந்துபோகும். வகுப்பில் நடப்பதாவது: “மிஸ் கேக்கல”, “மிஸ் தெரியல”, “மிஸ் ஒன் பாத்ரூம்”. யார் வீட்டிலோ மிக்ஸி. எங்கள் குக்கர் மூன்றாவது விசில் விட்டதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ‘த்ரீ’ என்று கத்தின. அன்றைய வகுப்பில் உருப்படியாக நடந்த கணக்கு அது ஒன்றுதான். மிஸ்ஸைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவர் மடியிலும் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்கிறது. அவருக்கு முழுச் சம்பளம் வருகிறதோ இல்லையோ.

ஆனால் நிர்வாகத்தைச் சும்மா விட முடியாது. மத்திய அரசு இந்த ஜூலை 14-ம் தேதி ‘பிரக்யதா’ என்று ஆன்லைன் வகுப்புகளுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். இவர்கள் ஒன்பதரைக்கு உட்கார வைத்தால் பன்னிரண்டுக்குத்தான் விடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை! கேட்டால், ‘மற்ற பேரன்ட்ஸ் இன்னும் கேட்கிறார்கள் மேடம்’. யார் அந்த மற்ற பேரன்ட்ஸ்? என் கண்ணில் ஒருவர்கூடப் படவில்லை.

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. இவள் சும்மா இருந்தபோதுதான் சந்தோஷமாகவும் இருந்தாள், கற்றுக்கொண்டும் இருந்தாள். மே மாதம் அத்தை மொட்டை மாடியில் வத்தல் போட்டார். காக்கா விரட்டுவது பாப்பாவின் வேலை. கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மிச்சக் கூழைக் கொடுத்து, “நீயும் பிழிடி கண்ணு” என்றார் அத்தை. ‘அ’ பிழிந்தாள். ‘ஆ’ பிழிந்தாள். வாலைச் சுழிக்கத் தெரியாமல் ‘ழ’வில் மாட்டிக்கொண்டு, அழித்து அழித்து ஐந்து தடவை. சாயங்காலம் காய்ந்த ‘ழ’வைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். எண்ணெயில் போட விடவில்லை. பென்சில் டப்பாவுக்குள் இன்னும் இருக்கிறது.

அப்புறம் பல்லாங்குழி. பலகை இல்லை. தரையில் சாக்பீஸால் பதினான்கு வட்டம், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எழுபது என்று அவளாகவே எண்ணிச் சொன்னாள். ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது ‘பசு’. ஆட்டம் ஓட ஓட, எந்தக் குழி இன்னும் ஒன்று விழுந்தால் பசுவாகும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறாள். அத்தையே நாலு நாளாகத் தோற்கிறார். வேண்டுமென்றே இல்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பெருமை தாங்காமல் பல்லாங்குழி படத்தையும் வத்தல் படத்தையும் குழுவில் போட்டேன். வந்த பதில்: ‘நைஸ் மேடம். பட் டுடேஸ் ஆக்டிவிட்டி ப்ளீஸ்’.

இதற்கு மேல் ‘ஊரடங்கில் குழந்தையை உற்சாகமாக வைத்திருக்க 50 வழிகள்’ என்று ஒரு பார்வர்டு வேறு. அனுப்பியது என் நாத்தனார். அவளுக்குப் பிள்ளைகள் கல்லூரியில். அதில் ஒரு வழி, ‘மாலையில் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்’. பூங்கா பூட்டி நாலு மாசம். மெரினா பக்கமும் போக முடியாது. ‘அப்பாவும் கூடச் சேர்ந்து விளையாடலாம்’ என்று இன்னொன்று. அதை எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே டிங் என்று ஒரு சத்தம். ஈரப் பஞ்சில் பச்சைப் பயறு முளைக்க வைக்க வேண்டுமாம். மூன்று நாள், மூன்று படம், மூன்றிலும் சிரித்த முகம். வீட்டிலிருந்த கடைசிப் பிடி பயறு மத்தியானமே சுண்டலாகிவிட்டது. தின்று முடித்துவிட்டுத் தேங்காய்ப் பல் தேடிக்கொண்டிருக்கிறாள், தட்டில்.