மாட்டுக்கொட்டகைக்கு எம்சிபி மட்டும் போதாது

"கொட்டகையில் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருந்தால் போதும், ஷாக் அடித்தால் அது தானே விழுந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, உயிரோடு விளையாடும் தவறு.

எம்சிபி காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் விழும். மனித உடலில் சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. சாணமும் தண்ணீரும் கலந்த தரையில் வெறுங்காலுடன் நின்று சுவிட்சைத் தொடுகிறவரை நினைத்துப் பாருங்கள். மாடுகளோ நம்மைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே பாதிக்கப்படும்.

மின்கசிவைக் கண்டறிவது ஆர்சிசிபி என்ற இன்னொரு வகை சுவிட்ச். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், 0.3 வினாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் அதிகச் சுமையை அது தடுக்காது. ஆகவே இரண்டும் வேண்டும், முறையான எர்த்தும் வேண்டும்.

உங்கள் மின்பலகையின் கதவைத் திறந்து பாருங்கள். 'டி' (T) என்ற சோதனைப் பொத்தானும் 0.03 ஆம்பியர் (அதாவது 30 மில்லி ஆம்பியர்) என்ற அச்சும் இருந்தால் அது மின்கசிவைக் கண்டறியும் கருவி. ஆர்சிசிபிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 12640. சந்தேகமிருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேளுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைத் தெரிவியுங்கள்.