முதல் நாளே செருப்புச் சண்டை

பர்மாவில், ரங்கூன் ஷ்வேடகன் பகோடா என்கிற புத்தர் கோயிலுக்கு நாலு திசையிலும் நாலு வாசல். விட்ட வாசலில்தான் செருப்பு இருக்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. தெற்கே விட்டுவிட்டு, அண்ணாந்து படம் எடுத்தபடியே கிழக்கே இறங்கிவிட்டார். "பையில் போட்டுக்குங்க" என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே? சாக்ஸ்கூடப் போடக்கூடாத இடம். உச்சி வெயிலில் பளிங்குத் தரை தோசைக்கல்லேதான். மறுபடி மேலே ஏறி, சுற்றிவந்து, தெற்கே இறங்கினோம்.

டாக்சியில் இன்னொரு கூத்து. 1970-லிருந்து வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, ஆனால் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முந்தும்போது எதிரே வரும் பஸ், டிரைவருக்குத் தெரிவதற்குள் பக்கத்து இடது சீட்டில் இருக்கிற எனக்குத்தான் தெரிகிறது. இவரோ பின்னால் சாய்ந்து, எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.

ராத்திரி மொஹிங்கா சாப்பிடலாம் என்றேன். "மீன் குழம்பில் சேமியாவா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அனவ்ரதா சாலை காளி கோயில் பக்கம் இட்லி தேடி இழுத்துப் போனார். 1871-ல் நம்மவர்கள் கட்டிய கோயில், கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட விடவில்லை. கடைசியில் இட்லியும் தீர்ந்துவிட்டதாம். "நாளைக்கு வாங்கம்மா" என்றார் கடைக்காரர், நல்ல தமிழில். இட்லி தின்னவா விமானம் ஏறி வந்தோம்?