படுக்கையைச் சுருட்டி எடுத்து வரும் மாலுமி

பழைய கடற்படை ஓவியங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. விரித்த பாய், பீரங்கிப் புகை, கொந்தளிக்கும் அலை. ஆட்களைத் தேடினால் கயிற்றில் நாலு புள்ளி தெரியும். கேப்ரியல் பிரே வரைந்தவை அப்படியில்லை.

பிரே பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட். 1774-75இல் 'பல்லாஸ்' என்ற போர்க்கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனபோது, கூட இருந்தவர்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஆல்பம் இப்போது லண்டன் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1775 ஜனவரியில் வரைந்த ஒரு படம். மாலுமி ஒருவன் தன் தொங்கு படுக்கையை மேல்தளத்துக்கு எடுத்து வருகிறான். வேறொன்றும் இல்லை. ஆனால் இது தினமும் காலையில் எல்லாரும் செய்தாக வேண்டிய வேலை. ராத்திரி படுக்க ஆளுக்கு 14 அங்குலம், அதாவது ஒன்றரைச் சாண் அகல இடம்தான் கணக்கு. (பாதிப் பேர் காவல் முறையில் மேலே நிற்பார்கள், அதனால் கொஞ்சம் புரளலாம்.) விடிந்ததும் இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டி, கப்பல் விளிம்பில் உள்ள வலைகளில் அடுக்க வேண்டும். பீரங்கித் தளத்தில் நடமாட இடம் கிடைக்கும், படுக்கையும் காற்றாடும். சண்டை வந்தால் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பும் அதுதான்!

இன்னொன்றில், செனகல் கரையோரம் நின்ற கப்பலில், ஒரு மாலுமியும் ஒரு மரைன் சிப்பாயும் நங்கூரத்தின் மேல் இருந்து தூண்டில் போடுகிறார்கள். உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கட்டும் தின்று சலித்தவர்களுக்குப் பச்சை மீன் என்றால் சும்மாவா? மாலுமிகள் அடங்காவிட்டால் அடக்குவதும் மரைன்களின் வேலை. இங்கே இரண்டு பேருக்கும் கவலை மீனைப் பற்றித்தான்.

இத்தனைக்கும் பிரே ஓர் அதிகாரி. அதிகாரி வரைந்தால் ஆட்கள் விறைப்பாக நின்றிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். இவர்கள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஒரே ஒரு உறுத்தல். பல்லாஸ் அங்கே போனது அந்தக் கரையில் இருந்த பிரிட்டிஷ் கோட்டைகளைப் பார்வையிட. அவை அடிமை வியாபாரத்துக்கான கோட்டைகள். அதற்காகப் படங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. 'ஆகா, என்ன நிம்மதியான கடல் வாழ்க்கை' என்று பகிர்பவர்கள், கப்பல் எந்தக் கரைக்கு, எதற்குப் போனது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடலாம்.