கணக்குப் புத்தகம் கமிட்டிகிட்ட இருக்கு

"ஆண்டவரே மன்னிச்சிட்டாரு, நீங்க ஏங்க்கா இன்னும் பிடிச்சிட்டிருக்கீங்க?"

போன மாதம் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது இது. சொன்னவர் முன்பு சீட்டு நடத்தியவர். கேட்டுக்கொண்டிருந்த அக்கா, மகள் கல்யாணத்துக்காக அவரிடம் சீட்டு கட்டியவர். சீட்டு படுத்தது, அவர் ஊரை விட்டே போனார். சில வருஷம் கழித்து ஞானஸ்நானம் எடுத்துத் திரும்பி வந்தார். இப்போது கண்ணீரோடு சாட்சி சொல்கிறார், நன்றாகவே சொல்கிறார். பணம் மட்டும் வரவில்லை. அக்கா பதில் பேசவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அதிகம்தான். காட்பாடிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் காரணம் புரிந்தது. அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையில் நான் பொருளாளர். அறுப்பின் பண்டிகையில், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருள்களின் ஏலம் நடந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், சந்தையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பூசணிக்காய் அன்றைக்கு ஆயிரத்துக்குப் போகும். நாட்டுக்கோழிக்கு இரண்டு குடும்பம் போட்டி போடும். அந்த வருஷ வசூலில் 18,000 ரூபாய் பேங்கில் போடாமல் என் வீட்டு பீரோவில் இருந்தது. பையனுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய வாரம். இரண்டு வாரத்தில் வைத்துவிடலாம் என்று எடுத்தேன். மூன்று மாதம் ஆயிற்று. வைத்தும்விட்டேன். யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் வந்தன. பாவமன்னிப்பு கேட்டு தாவீது பாடிய 51ஆம் சங்கீதம் வாசிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். திருவிருந்துக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போய்ச் சொன்னேன். ஜெபம் பண்ணினார், என் தோளில் கை வைத்தார். கிளம்பலாம் என்று எழுந்தேன். "கடவுள்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. கணக்குப் புத்தகம் கமிட்டிகிட்டதானே இருக்கு?" என்றார்.

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கடுப்புதான். பாவமன்னிப்பு கேட்க வந்தவனைப் பஞ்சாயத்துக்கு அனுப்புகிறாரே என்று. ஆனாலும் போனேன். யாரும் கத்தவில்லை. என் பொறுப்பில் இருந்த மூன்று வருஷக் கணக்கையும் ரசீது ரசீதாகச் சரிபார்த்தார்கள். இரண்டு சனிக்கிழமை நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். வேறு பிசகு எதுவும் இல்லை. அதைச் சொல்லிக்கொள்ளும் யோக்கியதைதான் எனக்கு இல்லாமல் போயிற்று. பொருளாளர் பதவியும் போனது.

அதற்குப் பிறகுதான் தாவீதின் கதையை முழுதாகப் படித்தேன். நாமெல்லாம் 51ஆம் சங்கீதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். உரியாவின் மனைவியோடு தவறு செய்து, அவனையும் சாகவைத்த பிறகு, 2 சாமுவேல் 12இல் தாவீது "பாவஞ்செய்தேன்" என்கிறான். கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தானும் உடனே சொல்லிவிடுகிறார். ஆனால் பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்று சற்று முன் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. அந்த உறவில் பிறந்த குழந்தை செத்துப்போகிறது. அந்தக் குழந்தை என்ன செய்தது என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் அதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: நாம் செய்ததன் பலன் நம் வாசலோடு நிற்பதில்லை, ஒன்றும் செய்யாதவர் தலையிலும் விழுகிறது. ஏழு நாள் தரையில் கிடந்து மன்றாடிய தாவீது, பிள்ளை செத்தது தெரிந்ததும் எழுந்து குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொள்கிறான். முறையிடவில்லை. அப்புறம்தான் சாப்பிடுகிறான்.

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனும் அப்படித்தான். நாம் நடப்பித்ததற்குத் தக்க பலனை அடைகிறோம் என்று அவன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறான். அன்றைக்கே பரதீசு அவனுக்கு உறுதியாகிறது. ஆனாலும் யாரும் அவனைச் சிலுவையிலிருந்து இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சேவகர் வந்து காலை முறித்தார்கள்.

வரி வசூலிப்பவனான சகேயு விஷயத்தில் வரிசையைக் கவனியுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் அவன் வீட்டுக்கு வருகிறார். அது கிருபை. வந்தவர் முன்னால் எழுந்து நின்று சகேயுவே கணக்கை எடுக்கிறான். ஏமாற்றியதை ஒத்துக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். இவனோ, ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விதித்தபடி நாலு மடங்கு என்கிறான். நம் சீட்டு அண்ணன் நாலு மடங்கு கொடுக்க வேண்டாம். அசலை மாதம் ஐந்நூறாகக் கொடுத்தால்கூட அந்த அக்கா வாங்கிக்கொள்வார்.

நம் வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அழுத்திச் சொன்ன வழக்குக்குப் பெயரே வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவால் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் வருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் தீராது, கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவும் கெடுத்தவனுடையதே என்றது நீதிமன்றம். அப்படியும் 2025 ஜனவரியில், அந்தக் கழிவு கலந்த பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் என் மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இன்றும் சோறு வேகவைக்க முடியாது. தோல் கம்பெனிச் சம்பளத்தில் காணிக்கை போட்டு வளர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

இன்னொன்று. "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்ற வசனத்தை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் போய்ச் சொல்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. அப்படியிருந்தும் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை ஊரும் உறவும் பாவத்தின் பலன் என்றுதானே தள்ளிவைத்தன? அந்த வசனம் என் வயலுக்கு. அடுத்தவர் வயலில் இறங்கிக் கதிர் எண்ணுவதற்கு அல்ல.

சீட்டு அண்ணனிடம் நான் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகையில் ஒரு பலாப்பழத்தை 700 ரூபாய்க்கு எடுத்தேன். மேஜையில் பணம் வாங்க உட்கார்ந்திருந்தது என்னோடு அந்தக் கமிட்டியில் இருந்த ஆயா. மற்றவர்களிடம் வாங்கி அப்படியே டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கொடுத்த நோட்டுகளை மட்டும் மடியில் வைத்து இரண்டு தரம் எண்ணினார். எண்ணி முடிக்கிற வரைக்கும் பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். "சரியா கீதுப்பா" என்றார்.