திறப்பதா, சேமிப்பதா என்பதை நான் அல்லவா சொல்ல வேண்டும்?

வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். வருபவரின் சான்றிதழைத் திறந்து, பெயரும் முகவரியும் சரிதானா என்று அவரிடமே காட்டி, ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலையில் பாதி. அச்சு முடிந்த பிறகு அந்தச் சான்றிதழ் என் கணினியில் ஒரு நொடிகூட இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரவு கடையை அடைக்கும்முன் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால், அன்று வந்தவர்களின் சாதியும் வருமானமும் பிறந்த தேதியும் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சேமிக்கும்படி நான் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இணைப்பைச் சொடுக்கினேன், அவ்வளவுதான்.

அதிலும் கொடுமை, சான்றிதழைத் தரும் இணையதளம் எல்லோருடைய சான்றிதழுக்கும் ஒரே பெயரை வைத்து அனுப்புவது. முதல் ஆளுக்கு வெறும் 'சர்ட்டிஃபிகேட்', அடுத்தவருக்கு அதனுடன் அடைப்புக்குறிக்குள் 1, அதற்கடுத்தவருக்கு 2 என்று உலாவி எண் போட்டுக்கொண்டே போகிறது. சென்ற வாரம் கூட்ட நேரத்தில் 31க்குப் பதிலாக 30ஐத் திறந்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பி வந்த அம்மா, "தம்பி, இதுல எம் மகன் பேரு இல்லையே" என்று தாளை நீட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அவர் கைப்பையில் தெருவரை போய் வந்திருக்கிறது.

உலாவிக்குப் பிடிஎஃப் கோப்பைக் காட்டத் தெரியாது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸ் 2013இல் வந்த 19ஆம் பதிப்பிலிருந்தே பிடிஎஃப்பைத் தனக்குள்ளேயே திறக்கிறது. தடுப்பது, கோப்புக்கு முன்னால் சர்வர் அனுப்பும் 'கன்டென்ட் டிஸ்பொசிஷன்' என்ற ஒற்றை வரி. அதில் 'இன்லைன்' என்று இருந்தால் கோப்பு திரையில் விரியும். 'அட்டாச்மென்ட்' என்று இருந்தால் வட்டில் இறங்கிவிடும். இந்த வரியின் பொருளை வரையறுக்கும் 2011ஆம் ஆண்டின் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6266, 'அட்டாச்மென்ட்' என்று வந்தால் கோப்பைச் சேமிக்கும்படி பயனரிடம் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கேட்க வேண்டும் என்பதற்கும், கேட்காமலேயே என் வட்டில் கொண்டுவந்து கொட்டுவதற்கும் எவ்வளவு தூரம்!

மென்பொருள்களையும் ஜிப் கோப்புகளையும் அப்படி அனுப்பட்டும். யாரோ பதிவேற்றிய கோப்பு தளத்துக்குள்ளேயே திறந்து கேடு விளைவித்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறவர்களும் அப்படி அனுப்பட்டும், அது முறையான எச்சரிக்கைதான். ஆனால் தாங்களே உருவாக்கி, தாங்களே கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்றிதழுக்கு எதற்காக இந்தக் கட்டாயம்? திரையில் திறக்கும் கோப்பை வேண்டுமென்கிறவர் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமித்துக்கொள்ளலாம். சேமிக்கச் சொல்லி வரும் கோப்பை 'இங்கேயே திற' என்று சொல்ல, வலது சொடுக்கில் வரும் பட்டியலில் ஒரு வரி உண்டா? முதலாமவருக்கு வழி இருக்கிறது, எனக்கு இல்லை. அப்படியிருக்க இயல்பாக எது இருந்திருக்க வேண்டும்?

அமைப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். குரோமில் பிடிஎஃப்பைத் திறப்பதா, இறக்குவதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. 'திற' என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் சர்வர் அனுப்பும் 'அட்டாச்மென்ட்'தான் வெல்கிறது. ஃபயர்பாக்ஸில் அபவுட் கன்ஃபிக் என்ற, வழக்கமான பட்டியலில் தென்படாத அமைப்புகள் பக்கத்துக்குள் போய், பிடிஎஃப் இணைப்புகளை உள்ளேயே திறக்கும் அமைப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றலாம். கணினியிலேயே பிழைப்பு நடத்தும் எனக்கே அது எளிதில் கிடைக்கவில்லை. வீட்டுக் கணினியில் மின்கட்டண ரசீது பார்க்கும் பெரியவர் எங்கே போய்த் தேடுவார்?

இ-ஆதார் கோப்பாவது பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் பிறந்த ஆண்டையும் கடவுச்சொல்லாகக் கேட்கிறது. என் கோப்புறையில் சேரும் மற்றச் சான்றிதழ்களுக்கு அந்தப் பூட்டும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டுடன் டிலீட்டை அழுத்தி அழித்த பிறகே ஷட்டரை இறக்குகிறேன். மின்சாரம் நின்றுபோன ஒரு மாலை அதைச் செய்ய முடியாமல் போயிற்று. மறுநாள் காலை முதலில் வந்து உட்கார்ந்த இளைஞர் தன் கோப்பைத் தேடும்போது முந்தைய நாளின் மொத்தப் பட்டியலும் அவர் கண்முன் விரிந்தது.

தளத்தை நடத்துகிறவர்களே, 'அட்டாச்மென்ட்' என்று எழுதிய இடத்தில் 'இன்லைன்' என்று எழுதுங்கள். கோப்பின் பெயரில் விண்ணப்ப எண்ணைச் சேருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு முற்பகல் வேலைகூட ஆகாது.