எட்டு விளக்கும் எரிந்தால் நெட்வொர்க் கேபிள் சரியா?

இன்டர்நெட் இணைப்பு தடுமாறும்போது, "டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால் கேபிளில் குறையில்லை, ரூட்டரை மாற்றுங்கள்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்களிடையே சுற்றுகிறது. இது தவறு.

அந்த மலிவான டெஸ்டர், கேபிளின் எட்டு கம்பிகளில் ஒவ்வொன்றும் மறுமுனையில் அதே எண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எந்தக் கம்பி எதனுடன் முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பிளக்கின் 3, 6 எண்களில் வரும் கம்பிகள் இரண்டும் ஒன்றாக முறுக்கப்பட்ட ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். நிறங்களை ஜோடி ஜோடியாக 1-2, 3-4 என்று அடுக்கி கிரிம்ப் செய்துவிட்டால் (பிளக்கில் அழுத்திப் பொருத்திவிட்டால்), விளக்குகள் எல்லாம் ஒழுங்காகவே எரியும். ஆனால் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து இணைப்பு தடுமாறும். நல்ல ரூட்டரை வீசுவது வீண்செலவு.

முதலில் இரு முனை பிளக்கிலும் நிற வரிசை இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.