டிராயிங் மாஷ் வருவதற்குள் பிள்ளை வரைவதை நிறுத்திவிடுகிறது

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கிற எங்கள் எல்.பி. ஸ்கூலின் (ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை) பெற்றோர்-ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. பஞ்சாயத்துத் திட்டப் பணத்தில் ஸ்கூலுக்கு என்ன கேட்கலாம் என்று பேச்சு வந்தது. கழிப்பறைக் கதவு, ஸ்மார்ட் டிவி, மதிலுக்குப் பெயின்ட் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வாரத்தில் ஓரிரு நாளாவது வந்து போகிற மாதிரி ஒரு டிராயிங் மாஷும் (வாத்தியாரை இங்கே மாஷ் என்போம்) ஒரு பாட்டு டீச்சரும் கேட்கலாமே என்று நான் எழுதினேன். உடனே ஒருவர் போட்டார்: "ஏங்க, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு எதுக்குங்க டிராயிங் மாஷு? அதெல்லாம் யு.பி. போனா தானா வருமுங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். (யு.பி. என்றால் எல்.பி.க்கு மேல், ஐந்தாம் வகுப்பிலிருந்து.) அங்கே நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் இங்கே.

அவர் சொன்னதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை வெறும் தலைக்கணக்கு: அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் போகப் போக இத்தனை பேர் என்று. கலை என்ற பேச்சே கிடையாது. ஆறு முதல் எட்டு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், கலைக்கென்று ஒரு பகுதிநேர ஆசிரியர் வருகிறார். தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாம் சேர்த்து. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அவர்களும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத்தான். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் தனிக் கதை. கேரளத்திலும் டிராயிங், பாட்டு, தையல் பணியிடம் என்றால் யு.பி.யில் இருந்துதான், அதுவும் தலைக்கணக்கு தேறினால். செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்சி வேறு, ரேஷன் கார்டு வேறு, இந்த விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை!

இதில் என்ன தப்பு என்று கேட்டால், வயசுதான் தப்பு.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிற்பம் கற்றுக்கொடுத்தவர், பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பேராசிரியரானவர். குழந்தைகளின் வரைதல் எப்படி வளர்கிறது என்பதை 1947இலேயே விரிவாக எழுதி வைத்தார். இரண்டு வயதில் கிறுக்கல். நாலு வயதுக்கு மேல் வட்டமும் குச்சிக் கைகளுமாக மனிதர்கள். ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு வந்துவிடும், அதுதான் தரை, எல்லோரும் அதன் மேல் நிற்பார்கள். முக்கியமான ஆள் பெரிதாக இருப்பார், சுவருக்கு உள்ளே இருப்பதும் வெளியே தெரியும். ஒன்பது வயதை ஒட்டி இன்னொன்று நடக்கிறது. கண் கூர்மையாகிவிடுகிறது, கை அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. தான் வரைந்த மாடு மாடு மாதிரி இல்லை என்பது பிள்ளைக்கே தெரிய ஆரம்பிக்கிறது. அப்போது கைகொடுக்க ஆள் இல்லாவிட்டால் "எனக்கு டிராயிங் வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்பது வயது என்றால் நாலாம் வகுப்பு. கேரளத்தில் எல்.பி. முடிகிற வகுப்பு அது. பிள்ளை கதவைச் சாத்தின பிறகு சர்க்கார் டிராயிங் மாஷை அனுப்புகிறது.

எல்.பி.யில் அதுவரை என்ன நடக்கிறது? போர்டில் ஒரு சீனரி. இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, நாலு 'வி' போட்டால் பறவை. முப்பது பிள்ளைகளும் அதையே பார்த்து வரைவார்கள். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ்கிறவள். எங்கள் ஊரில் சூரியன் மலைக்கு நடுவில் உதிக்காது. பாலக்காட்டுக் கணவாய் இது. ஒரு மலை வடக்கே, ஒரு மலை தெற்கே, நடுவில் எத்தனையோ கிலோமீட்டருக்கு வெட்ட வெளி. சூரியன் கோயமுத்தூர்ப் பக்கம் சமவெளியில் பனைமரத் தலைக்கு மேலே எழும்பி வரும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிற பிள்ளை, வகுப்பில் உட்கார்ந்ததும் இரண்டு முக்கோணம் போடுகிறது. கண்ணால் பார்த்ததை நம்பாதே, போர்டைப் பார் என்றுதான் அது கற்றுக்கொள்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருதரம் வேலந்தாவளம் செக்போஸ்ட்டை வரைந்திருந்தான். லாரிக்குள் இருக்கிற அத்தனை மாடும் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் நாலு காலும் எண்ணிப் போட்டிருக்கிறான். போலீஸ்காரர் லாரியைவிடப் பெரிசு. அந்த வயசுக்கு இதைவிடச் சரியான படம் இருக்க முடியாது. ஆனால் அவன் நோட்டில் "லாரி என்ன கண்ணாடியா?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் படத்தை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் விஷயம் தெரிந்த ஓர் ஆள் எல்.பி.க்கே வேண்டும் என்கிறேன்.

பொருளுக்குக் காசு இல்லை என்பது அடுத்த சாக்கு. கலர் பென்சில் பெட்டி வாங்க முடியாத வீடுகள் உண்டுதான். ஆனால் சித்தூர் தாலுகாவின் கிழக்கே வந்து பாருங்கள், கேரளத்தில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத கரிசல் மண் இங்கே கிடக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் செம்மண். இரண்டையும் சலித்து, வேப்பம் பிசினைக் கரைத்துக் கலந்தால் பெயின்ட். அடுப்புக்கரி, மஞ்சள், செங்கல் தூள் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. அப்புறம் கோலம். வாசலில் அம்மா புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவதை ஒரு பீரியடில் தரையில் போட வையுங்கள். எடுத்த கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். கண், கை, எண்ணிக்கை, பொறுமை எல்லாம் அதிலேயே இருக்கிறது. பையன்களையும் போட வையுங்கள்.

பாட்டின் கதி இன்னும் மோசம். படமாவது நோட்டில் மிஞ்சும். பாட்டு என்றால் எங்கள் ஸ்கூல்களில் காலை அசெம்பிளி, ஆண்டுவிழா நடனத்துக்கு ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டு, அவ்வளவுதான். அசெம்பிளியில் "சத்தமா பாடுங்க" என்பார்கள். பிள்ளைகள் கத்துவார்கள். ஆறு வயதுக் குரலுக்கு வசதியாக எட்டுகிற எல்லையே ஐந்தாறு ஸ்வரம்தான். மாஷ் தன் தொண்டைக்குத் தோதான சுருதியில் எடுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு எட்டாது. எட்டாத பிள்ளைக்கு 'சுருதி சேராது' என்று பெயர் வைத்து, பின்வரிசைக்குத் தள்ளி, வாயை மட்டும் அசை என்று சொல்வார்கள். அதற்கும் வாழ்நாள் முழுக்க "எனக்குப் பாட்டு வராது"தான்.

புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசை என்ற முதல் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கிற முறை சங்கீதம் கற்க வருகிறவர்களுக்கு அருமையானது. அதில் எனக்கு மறு பேச்சில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் என்ற பாட்டு மேதை பிறந்த ஜில்லாக்காரி நான் வேறு எப்படிப் பேசுவேன்! ஆனால் கீழ் 'ஸ'விலிருந்து மேல் 'ஸ' வரை முதல் நாளே ஏறி இறங்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு நடக்கிற காரியமில்லை. ஹங்கேரியில் கோடாய் என்ற இசையமைப்பாளர் வேறு வழி பார்த்தார். தாய்மொழியில், தன் ஊர்ப் பாட்டில், இரண்டு மூன்று ஸ்வரத்தில் ஆரம்பி. ஸ்வரத்துக்கு ஒரு கைச்சாடை வை. வாத்தியம் வேண்டாம், குரல் போதும். அவர் வழியில் 1950இல் கெச்கெமெட் என்ற ஊரில் தினமும் பாட்டு வகுப்பு உள்ள தொடக்கப்பள்ளியே தொடங்கினார்கள். நமக்கு அங்கிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கும்மிப் பாட்டும் தாலாட்டும் பெரும்பாலும் நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றுகிறவைதான். கும்மி கொட்டினால் தாளமும் கையிலேயே வந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டித் திருவிழாவான கலோத்சவத்தை இங்கே பேசாமல் தாண்ட முடியாது. 1957இல் தொடங்கியது, கேரளம் பெருமைப்பட வேண்டிய விஷயம், நானும் டிவியில் உட்கார்ந்து பார்க்கிறவள். ஆனால் எல்.பி. பிள்ளைகளுக்கு அது உபஜில்லாவோடு, அதாவது ஜில்லாவுக்குக் கீழ்ப் பிரிவோடு, முடிகிறது. அதற்கே வெளியிலிருந்து ஆள் பிடித்து, மாதக் கணக்கில் ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு ஆட்டம் பழக்கி, வாடகைக்கு உடை எடுத்து, 'ஏ' கிரேடு வாங்கி ஸ்கூல் வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். மேடை ஏறுகிற அந்தப் பத்துப் பிள்ளைகளும் சந்தோஷமாக இருக்கட்டும். மிச்சப் பிள்ளைகள் அன்றைக்குக் கைதட்டுகிறவர்கள். ஃப்ளெக்ஸைக் காட்டி "எங்க ஸ்கூலில் கலை இருக்கு" என்று சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் முதல்முறையாக ஐந்து பழங்குடிக் கலைகளைச் சேர்த்தார்கள். மங்கலங்களி, பணிய நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம், இருள நிருத்தம். கடைசி மூன்றும் நம் எல்லை மலைகளில் இருப்பவை: குமிளிப் பக்கம் பளியர், மறையூர்ப் பக்கம் மலைப்புலையர், அட்டப்பாடியில் இருளர். நல்ல முடிவு. எனக்கு ஒரே பயம், இதற்கும் 'டிரெய்னர்' வந்துவிடுவார், ரேட்டு வந்துவிடும். அட்டப்பாடி நஞ்சியம்மா 68ஆவது தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகி. அவர் எந்த சங்கீத வகுப்பிலும் உட்கார்ந்தவர் இல்லை. அப்படிப் பாடுகிற பாட்டிகள் பேரப்பிள்ளைகளின் ஸ்கூலுக்கு ஒரு மணி நேரம் வந்து போக என்ன தடை?

தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு ஜில்லா பகவதி கோவில்களில் கூத்துமாடம் கட்டி, தோல் பாவைக்குப் பின்னால் விளக்கு வரிசை ஏற்றி, இரவிரவாகக் கம்பராமாயணம் பாடுகிறார்கள். தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்திரகாளிக்காக இது என்று ஐதீகம். பல இடங்களில் பகவதியைத் தவிரப் பார்க்க ஆளே இருக்காது. மலையாள ஜில்லாவின் நடுவில் இத்தனை காலமாகக் கம்பனின் விருத்தம் ஒலிக்கிறது, நம் தமிழ் மீடியம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பழைய அட்டைப்பெட்டி, ஒரு வேட்டி, ஒரு டார்ச். மூன்றாம் வகுப்பே ஒரு பாவைக்கூத்து போடலாம். வெட்டுவது படக் கலை, பாடுவது இசை, விளக்கை முன்னும் பின்னும் நகர்த்தினால் நிழல் பெரிசாகிச் சிறிசாவது அறிவியல் பாடம்.

அறிவியல் என்றதும் இன்னொன்று. 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு 'கலை வழிக் கற்றல்' என்று எல்லா இடத்திலும் பேச்சு. நல்லதுதான். ஆனால் நடைமுறையில் செடியின் பாகத்துக்குக் கலர் அடிப்பதும், வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வதும் கலைக் கணக்கில் ஏறிவிடுகின்றன. வேலைக்காரி மாதிரி மற்ற பாடத்துக்குப் பாத்திரம் தேய்க்க மட்டும் கலையைக் கூப்பிடுகிறோம். 2024இல் என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புக்குக் கலைக்கென்றே தனிப் பாடநூல் கொண்டுவந்தது. அந்த மரியாதை வேண்டும், டைம்டேபிளிலும் வேண்டும். இப்போது டைம்டேபிளில் இருக்கிற ஒரு பீரியடும் நாலாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப் பரீட்சைப் பயிற்சிக்குப் போய்விடுகிறது. அதைக் கேட்கிற பெற்றோர் யாரும் இல்லை. நாமே "எடுத்துக்கோங்க டீச்சர்" என்கிற கூட்டம்.

சரி, என்ன செய்யலாம்? கேரளத்தில் அரசு எல்.பி. ஸ்கூல்கள் கிராமப் பஞ்சாயத்தின் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஓர் ஆள் போடப் பணம் இருக்காது, தெரியும். பஞ்சாயத்துக்கு ஒரு டிராயிங் மாஷ், ஒரு பாட்டு டீச்சர். ஸ்கூல் ஸ்கூலாகச் சுற்றட்டும். அவர்கள் வராத வாரத்தில் கிளாஸ் டீச்சரே தொடரட்டும், எப்படித் தொடர்வது என்பதை வருகிறவர் டீச்சருக்கும் சொல்லித்தரட்டும். போட்டிக்கு ஆள் தயார் பண்ணும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

அடுத்த கிராமசபையில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். பக்கத்துப் பஞ்சாயத்துகளான வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் வார்டு கிராமசபையிலும் எழுதிக் கொடுங்கள். ஒரே ஊரிலிருந்து மட்டும் கேட்டால் ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் உங்கள் பிள்ளையின் டைம்டேபிளை எடுத்து, படத்துக்கும் பாட்டுக்கும் போட்டிருக்கிற பீரியடில் போன மாதம் உண்மையில் என்ன நடந்தது என்று பிள்ளையிடமே கேட்டு, கமென்ட்டில் போடுங்கள். ஸ்கூல் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். மனுவோடு சேர்த்து வைக்க எனக்கு உதவும்.